குளிர்நாட்டுக் குதிரை புளோரிடாவுக்கு வந்தால்

மிச்சிகன், நியூயார்க் போன்ற குளிர் மாநிலங்களிலிருந்து புளோரிடாவின் ஒக்காலா பகுதிக்கு வரும் குதிரையை வெயிலைவிட அதிகமாகப் படுத்துவது காற்றின் ஈரப்பதம். குதிரை தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் வியர்த்தே தணித்துக்கொள்கிறது. காற்று ஈரமாக இருந்தால் வியர்வை உலராது, சூடும் இறங்காது. உடல் பழக 2 முதல் 3 வாரம் பிடிக்கும். அதுவரை சவாரியைக் குறைத்து, உப்பும் நிறையத் தண்ணீரும் கொடுக்க வேண்டும்.

சில குதிரைகளுக்கு வியர்ப்பதே குறைந்து நின்றுவிடும். இந்தக் கோளாறுக்கு அன்ஹைட்ரோசிஸ் என்று பெயர். ஒரே அளவு ஓடிய பிறகு மற்றக் குதிரை நனைந்து நிற்கும். கோளாறுள்ள குதிரையின் தோலோ காய்ந்து கொதிக்கும், மூக்குத்துளை விரிந்து மூச்சிரைக்கும். உடனே நிழலில் நிறுத்தி, உடல் முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றி, கால்நடை மருத்துவரை அழைப்பதே உயிர்காக்கும் வழி.

புளோரிடாவின் மண் மணற்பாங்கானது. தரையில் மேயும்போது மணல் குடலில் சேர்ந்து வயிற்றுவலி தரும். சாணத்தைப் பிளாஸ்டிக் பையில் நீரோடு கரைத்துத் தொங்கவிட்டால், அடியில் மணல் படிவது விரலுக்குத் தட்டுப்படும். உலர்புல்லைத் தரையில் போடாமல் தொட்டியில் வைப்பது நல்லது. தீவன மாற்றத்தையும் 7 முதல் 10 நாட்களில் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

கொசு பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி கட்டாயத் தேவை. உரிமையாளரின் அன்றாடமும் மாறும்: கோடையில் சவாரி விடியற்காலையில், மேய்ச்சல் இரவில், பகலில் கொட்டகையில் மின்விசிறி. இடமாற்றத்தைக் குளிர்காலத்தில் வைத்துக்கொண்டால், கோடை வருவதற்குள் குதிரை மெல்ல மெல்லப் பழகிவிடும்.