சுவர்க்கோழி கத்திய ராத்திரிகள்

பழனி மலையில், மன்னவனூரில் எங்கள் வீட்டு வாசல் கல்லிடுக்கில் சுவர்க்கோழி குடியிருந்தது. மார்கழி ராத்திரியில் அப்பத்தா அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். "இழுத்து இழுத்துக் கத்துது பாரு, விடியக்காலம் பனி கொட்டும்" என்பாள். உருளைச் செடி கருகிப்போகுமே என்று தாத்தா எழுந்து வெளியே போவார். பூச்சிக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. குளிரக் குளிரத் தசை மந்தமாகிக் கத்தலும் நிதானப்படும். அமெரிக்க இயற்பியலாளர் டால்பேர் 1897இல் இதற்கொரு கணக்கே எழுதி வைத்தார்.

அது வாயால் கத்துவதில்லை. சித்தப்பா ஒருநாள் ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, லாந்தர் பக்கத்தில் வைத்தார். நெடுநேரம் சும்மா கிடந்தது. பிறகு முன்னிறக்கை இரண்டையும் முதுகுக்கு மேல் லேசாகத் தூக்கி, ஒன்றின்மேல் ஒன்றை உரசியது. வலது இறக்கையின் அடியில் அரம்போல நுண்பற்கள் வரிசையாக இருக்கும். இடது இறக்கையின் ஓரம் அதில் உரச, மெல்லிய சவ்வு அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கும். பாடுவது ஆண்தான். பெண்ணுக்குக் காது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே. சோலையில் காதடைக்கும் சில்வண்டுக்கு இந்த உரசலே கிடையாது; வயிற்றோரச் சவ்வை அதிரவைத்துத்தான் அது இரையும்.

எனக்கு அந்த ராத்திரிகளைவிடப் பகல்தான் நெஞ்சில் நிற்கிறது. தாத்தா ஆடு மேய்த்த சரிவில் வெயில் ஏறியதும் புல்லெல்லாம் சரக் சரக்கென்று பேசத் தொடங்கும். வெட்டுக்கிளிகள் பின்னந்தொடையை இறக்கையில் இழைக்கும் சத்தம். நடந்தால் காலடியில் மட்டும் அடங்கும். தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் மறுபடி கிளம்பும்.

அந்தச் சரிவு முழுக்க இன்று சீகை மரம். பட்டைக்கும் மரக்கூழுக்கும் என்று சீகை, தைலமரம், பைன் எல்லாம் நட்டார்கள். சீகை நடாத இடத்திலும் தானே பரவியது. நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதென்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் சொன்னது. மரம் வளர்ந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. அடர்ந்த சீகை நிழலில் எங்கள் மலைப்புல் பிழைக்காது. புல் போன இடத்தில் வெட்டுக்கிளி எதைத் தின்னும்?

எங்கள் ஊர் ஏரிக்கு மேலே ஆட்டுப்பண்ணைப் பக்கம் கொஞ்சம் புல்வெளி மிஞ்சியிருக்கிறது. தம்பி மகளை அங்கே கூட்டிப்போய், தொடை மேலும் கீழும் போவதைக் காட்டினேன். மண்டியிட்டுப் பார்த்தாள். நம் சரிவிலும் இப்படித்தான் கேட்கும் என்றேன். "அங்க மரந்தானே இருக்கு பெரியப்பா?" என்றாள்.