பனிவனத்திலே ஒரு துணை

யப்பானின் வடபாலுள்ள ஹொக்கைடோத் தீவிலே நிசெக்கோ என்னும் மலைப்பகுதி உளது. குளிர்காலத்திற் சைபீரியாவிலிருந்து வீசும் காற்று, யப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை முகந்துவந்து, இம்மலைகளில் அரித்த மாவெனப் பனியைச் சொரிகின்றது. எதிரே 1,898 மீற்றர் உயர்ந்த யோத்தெய் எரிமலை வெண்முடி தரித்து நிற்கின்றது.

1911ஆம் ஆண்டிலே ஒஸ்திரிய இராணுவ அதிகாரி லேர்ச் என்பார், அந்நாட்டின் பெருந்தீவிலுள்ள தக்கடா நகரிலே, படைவீரர்க்கு ஒற்றைக் கோலூன்றிப் பனியிற் சறுக்கக் கற்பித்தார். இன்றோ நிசெக்கோவின் செங்குத்துச் சரிவுகளிலே, இருகோல் ஏந்திய இளைஞர் மரங்களுக்கிடையே மீனென நெளிந்து பாய்கின்றனர்.

ஆயினும் அவ்வழகினுள் ஆபத்தும் மறைந்துள்ளது. ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால், அடிமரத்தைச் சூழ இறுகாத பனி நிறைந்த குழி உண்டாகின்றது. அதனுள் தலைகீழாய் வீழ்ந்தவன் தானே மீளுதல் மிக அரிது. அசையுந்தோறும் பனி சரிந்து மூச்சை அடைக்கும். அவ்வேளையில் அருகிலுள்ள தோழனே அவனுக்கு உயிர். ஆகையால், மரங்களிடையே செல்வோர் இருவர் இருவராய், ஒருவர் மற்றவரின் கண்ணுக்கு மறையாது செல்லல் வேண்டும். நிசெக்கோவில் எல்லைக் கயிற்றைத் தாண்டுதலும் தடை. ஆபத்து மிகுந்த நாட்களில் மலைக்காட்டுக்குச் செல்லும் வாயில்கள் அடைக்கப்படுகின்றன.

மாலையில் வெந்நீரூற்றிலே உடல் நனைத்து, அன்றைய ஓட்டத்தை இருவருங் கூடிப் பேசும்போதே அப்பயணம் நிறைவெய்துகின்றது.