காப்பர் டியும் தொழுகை நாட்களின் கணக்கும்



காப்பர் டி என்ற சொல்லை நம் பெண்கள் கல்யாண வீட்டுச் சமையற்கட்டில்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். தாழ்ந்த குரலில் பரவும் செய்திகளில் பாதி வதந்தியாகிவிடுகிறது. ஆறு ஆண்டுகள் அதனை உடலில் தாங்கியிருந்தவள் என்ற முறையில், மருத்துவரும் சொல்லாத, ஆலிமாவும் முழுமையாகச் சொல்லாத சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

மூன்றாவது குழந்தை பிறந்தபோது என் உடல் தளர்ந்திருந்தது. முன்பு உட்கொண்ட ஹார்மோன் மாத்திரைகள் ஒற்றைத் தலைவலியைத் தந்திருந்தன. மருத்துவக் கட்டாயம் இல்லாத நிலையில் நிரந்தர அறுவைச் சிகிச்சையை மார்க்க அறிஞர்கள் தடுக்கின்றனர். கணவனும் மனைவியும் இசைந்து குழந்தைப்பேற்றைத் தற்காலிகமாகத் தள்ளிப்போடுவதைப் பெரும்பாலோர் அனுமதிக்கின்றனர். நபித்தோழர்கள் அஸ்ல் செய்துவந்தது குறித்து ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியே இதற்கு முதன்மையான ஆதாரம். ஆயினும் என் கணவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. உருவான கருவை இது அழிக்குமா என்று மருத்துவரிடம் நேராகவே கேட்டார். செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன, கரு உருவாவதையே பெரும்பாலும் தடுக்கின்றன என்று விளக்கம் கிடைத்த பின்னரே சம்மதித்தார்.

பொருத்தியது 380ஏ என்ற வகை. செம்புக் கம்பி சுற்றிய, மூன்று சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய பிளாஸ்டிக் துண்டு. 380 என்பது அதிலுள்ள செம்பின் பரப்பளவைச் சதுர மில்லிமீட்டர் கணக்கில் குறிக்கிறது. 10 ஆண்டுகள் வரை பயன் தரும். தாய்ப்பாலைப் பாதிக்காது. தலைவலியும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மாதவிலக்குத்தான் மாறியது. ஆறு நாட்களில் முடிந்துகொண்டிருந்தது ஒன்பதாயிற்று. சில மாதங்களில் பன்னிரண்டைத் தொட்டது. முதல் இரண்டு நாட்கள் அடிவயிற்றைப் பிசைவதுபோன்ற வலி. முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் இது பலருக்கும் இயல்பு என்றும், பிறகு தணியும் என்றும் சொன்னார்கள். வலி உண்மையில் தணிந்தது. நாட்கள்தான் குறையவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. கருவுறாத பெண்ணுக்கு 12க்குக் கீழ் இருந்தாலே இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையும், முருங்கைக்கீரையும், வாரம் ஒருமுறை ஆட்டு ஈரலும் என்று தொடங்கினேன். மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சேராது. ஸஹரில் தேநீர் இல்லாமல் கண் திறவாத நம் வீடுகளில் இதனை ஒருமுறைக்கு இருமுறை சொல்லவேண்டியிருக்கிறது.

உடலின் சிரமத்தைவிட என்னை அலைக்கழித்தது நாட்களின் கணக்கு. ஏழாம் நாள் நிற்பதுபோல் இருக்கும். குளித்துத் தொழுவேன். எட்டாம் நாள் அஸருக்குள் பழுப்பாக மீண்டும் தென்படும். தொழுத தொழுகை என்ன ஆயிற்று? ஓதிய குர்ஆன்?

நான் கடற்கரை ஊரின் ஷாஃபிஈ குடும்பத்தில் பிறந்தவள்; புகுந்த வீட்டார் ஹனஃபி. என் ஓரகத்தியும் காப்பர் டி பொருத்தியிருந்தார். ஒரு மாதம் இருவருக்குமே பன்னிரண்டு நாட்கள் நீடித்தது. ஷாஃபிஈ மத்ஹபில் மாதவிலக்கின் உச்ச வரம்பு 15 நாட்கள் என்பதால் எனக்கு அந்தப் பன்னிரண்டும் ஹைளு. ஹனஃபி மத்ஹபில் உச்ச வரம்பு 10 நாட்கள்; அதனைத் தாண்டினால் அவரவர் வழக்கமான நாட்களுக்குத் திரும்பவேண்டும். ஓரகத்தியின் வழக்கம் ஆறு. ஏழாம் நாளிலிருந்து வந்தது அவருக்கு இஸ்திஹாளா ஆகிவிட, இடையில் விட்ட தொழுகைகளை அவர் களா செய்தார். ஒரே சமையற்கட்டு, ஒரே பன்னிரண்டு நாட்கள், இரண்டு கணக்கு. “உங்களுக்கு லீவு அதிகம் மச்சி” என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ரமளானில் அந்த “லீவு” பன்னிரண்டு நோன்புக் கடனாக மாறும்.

அந்நாட்களில் எனக்குத் துணைநின்றவை இரண்டு அறிவிப்புகள். இரத்தம் நிற்காமல் தவித்த ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் சென்று கேட்டார்கள். அது மாதவிலக்கன்று, நரம்பிலிருந்து வருவது என்று விளக்கம் பெற்றார்கள். பெண்கள் பஞ்சைச் சிறு பெட்டியில் வைத்து ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அனுப்பிக் கேட்டதும், வெண்மையைக் காணும்வரை அவசரப்படவேண்டாம் என்று அவர்கள் அறிவுறுத்தியதும் மற்றொன்று. மதீனாவில் பெட்டியில் வைத்துக் கேட்ட கேள்வியை நாம் வாட்ஸாப்பில் ஓர் ஆலிமாவிடம் கேட்கக் கூசுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. நான் ஒரு நாட்குறிப்பு வைத்தேன். தொடங்கிய நேரம், நிறம், நின்ற நேரம் மூன்றையும் குறித்தேன். ஆலிமாவுக்கும் மருத்துவருக்கும் அதே பக்கங்களைக் காட்டினேன். இருவருக்கும் அதுவே போதுமானதாயிற்று.

ஆறாம் ஆண்டில் ஹீமோகுளோபின் மீண்டும் இறங்கியபோது எடுத்துவிடத் தீர்மானித்தோம். தீர்மானித்த நாளுக்கும் எடுத்த நாளுக்கும் இடையே ஏழு வாரங்கள். அவ்வளவு காலமும் அச்சம் உடனிருந்தது. உள்ளே சதையோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் கர்ப்பப்பை கிழியும், நெஞ்சுவரை ஏறிவிடும் என்று எத்தனையோ கேட்டிருந்தேன். உம்மாவோ, “உள்ளதை உள்ளபடி விட்டுவிடு மகளே” என்றார்கள். போதாக்குறைக்கு, பரிசோதனையில் நூல் தட்டுப்படவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

மறுநாள் ஸ்கேனில் அது உரிய இடத்திலேயே இருந்தது. நூல் மட்டும் கருப்பையின் வாய்க்குள் சுருண்டிருந்தது. இது அரிதன்று என்றார் மருத்துவர். கருப்பைச் சுவரைத் துளைப்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு நேர்வது, அதுவும் பொருத்தும்போதே பெரும்பாலும் நேர்வது, எடுக்கும்போதன்று என்றும் சொன்னார். நெஞ்சுக்கு ஏறுவதற்கு வழியே இல்லை என்று படம் வரைந்து காட்டினார். உடனே கருத்தரிக்க விரும்பாதவர்கள் எடுப்பதற்கு முந்தைய ஏழு நாட்கள் உறவைத் தவிர்க்கவேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். எடுத்த நாள்முதலே கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பிவிடுகிறது.

நாளைத் தேர்வு செய்தது நான். ரமளான் பகலில் உட்பரிசோதனை செய்தால் எங்கள் மத்ஹபின்படி நோன்பு முறியும் என்பதால் ஷஃபானிலேயே முடிக்க விரும்பினேன். பெண் மருத்துவர், கதவருகே என் கணவர். இடுக்கியால் நூலைத் தேடிப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆயின. “ஒருமுறை இருமுங்கள்” என்றார். சுள்ளென்று ஒரு வலி, அவ்வளவே. தட்டில் கிடந்த அந்தத் துண்டின் செம்பு கறுத்திருந்தது. இதற்கா ஏழு வாரம் என்று எண்ணிக்கொண்டேன்.

மாலைவரை லேசாக இரத்தம் கசிந்தது. விலக்குத் தொடங்கி அன்று இருபதாம் நாள். முந்தைய விலக்கு முடிந்து 15 நாள் தூய்மை நிறைவடையாததால் அது ஹைளு ஆகாது என்று ஆலிமா உறுதிசெய்தார். கழுவி, அணையாடை மாற்றி, உளூ செய்து அஸர் தொழுதேன்.

ஓரகத்தி தம்முடையதை எட்டாம் ஆண்டாக வைத்திருக்கிறார். அவருக்கு நாட்கள் ஆறாகவே குறைந்துவிட்டன. எடுக்கவேண்டிய தேவையும் இல்லை. காய்ச்சலோடு அடிவயிற்று வலி, துர்நாற்றம், நாள் தள்ளிப்போதல், நூலின் நீளத்தில் மாற்றம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும் என்று இருவரும் குறித்து வைத்திருக்கிறோம். எனக்கு விலக்கு மீண்டும் ஏழு நாட்களுக்குள் முடிகிறது. பழைய நோன்புக் கடனில் இன்னும் நான்கு மீதமிருக்கின்றன. திங்களும் வியாழனுமாக நிறைவேற்றி வருகிறேன்.