ஐந்து மைக்ரான்

ஒரு ஆஸ்திரேலிய ஆய்வகத்துக்காக இரண்டு வருடம் நார்களை எண்ணும் மென்பொருள் எழுதினேன். அங்கே 2003 முடிவோடு ஆஸ்பெஸ்டாஸ் முழுக்கத் தடை. பழைய கட்டடங்களிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும்போது காற்றை ஒரு வடிதாள் வழியாக இழுத்து, படிந்ததை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்தப் படங்கள்தான் எனக்கு வரும். விதி எளிமையானது: நீளம் 5 மைக்ரானுக்கு மேல், அகலம் 3-க்குக் கீழ், அகலத்தைப்போல் நீளம் மூன்று மடங்குக்கு மேல்.

நிரலில் நான்கே வரி. படத்தில் அப்படியில்லை. நார்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், பாதி தூசிக்குள் புதைந்திருக்கும். ஒரே படத்தை எண்ணி ஒருத்தர் 11 என்றார், இன்னொருத்தர் 16. கணினிக்கு எதைக் கற்றுத்தர? த்ரெஷோல்டைக் கூட்டினால் நார் தப்பிக்கும். குறைத்தால் வெறும் கீறலும் நாராகிவிடும். "சந்தேகம்னா எண்ணிடு" என்று முடிவெடுத்தோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பா பின்கட்டுக் கூரைக்கான ஷீட்டை ஹாக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் வெள்ளைத் தூள்.

"நிறுத்துங்கப்பா. அது ஆஸ்பெஸ்டாஸ்."

"ஊர் பூரா அதாண்டா. முப்பது வருஷமா இதுக்குக் கீழதான படுத்திருக்கோம், என்ன ஆச்சு?"

பதில் தெரியும், சொல்ல வாய் வரவில்லை. நுரையீரலில் தங்கிய நார் நோயாக வெளியே வர இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட ஆகலாம். சும்மா கிடக்கும் ஷீட்டில் நார் சிமெண்டோடு பிணைந்திருக்கும், அறுத்தால்தான் பறக்கும் என்பதை மட்டும் சொன்னேன். அம்மா துடைப்பத்தோடு வந்தார். பிடுங்கி வைத்துவிட்டு, தூளின் மேல் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் வழித்தெடுத்தேன்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒன் கம்ப்யூட்டர்ல போட்டா இதுல எத்தனைன்னு சொல்லுமா?"

சொல்லாது. தூசி அதிகமான வடிதாளை எண்ணாமலே ஒதுக்கிவிடுவோம். 0.2 மைக்ரானைவிட மெல்லிய நார் அந்த நுண்ணோக்கிக்கே தெரியாது. இரண்டு வருடமாக நான் எண்ணியது ஆபத்தை அல்ல, கண்ணில் பட்டதை.

"சொல்லாதுப்பா" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. ஜெயித்த மாதிரி சிரித்தார்.

இந்தியாவில் அந்த ஷீட் இன்றும் கடையில் கிடைக்கிறது. முகம் தெரியாத ஒரு ஊரின் காற்றுக்கு "சந்தேகம்னா எண்ணிடு" என்றவன், சொந்த வீட்டுக் கூரையை இதுவரை ஒருமுறைகூட எண்ணியதில்லை. தகரக் கூரைக்கு எவ்வளவு ஆகும் என்று மறுநாளே விசாரித்தேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வெயில் தாங்காது என்பார்.