கெயின்ஸ்வில்: சுழற்காற்று இருமுறை வந்த ஊர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கில், ஜார்ஜியா மாகாணத்தின் தலைநகராகிய அட்லாண்டாவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 50 மைல் பிரயாணம் செய்தால், புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் அடிவாரத்துக் குன்றுகளிடையே கெயின்ஸ்வில் என்னும் நகரம் காட்சி தருகிறது. 1821-ல் ஹால் ஜில்லாவின் தலைமையிடமாக ஸ்தாபிக்கப்பட்டு, எட்மண்ட் கெயின்ஸ் என்ற சேனாதிபதியின் பெயரைப் பெற்ற இவ்வூர், அடுத்துள்ள டலோனெகா பக்கத்தில் பொன் அகப்பட்ட காலத்தில் சிறிது செழித்து, 1870-களில் ரயில் பாதை வந்து சேர்ந்த பின்னரே பெருநகரத்துக்குரிய லட்சணங்களைப் பெறத் தொடங்கியது. ரயிலின் பின்னே பஞ்சாலைகள் வந்தன. சுற்றுவட்டாரத்துக் குன்றுகளில் விளைச்சல் போதாத ஏழைக் குடியானவர்கள் குடும்பம் குடும்பமாக ஆலைக் குடியிருப்புகளில் வந்து குடியேறினார்கள். அன்று முதல் இவ்வூர்க் குடும்பங்களின் சுகதுக்கங்கள் யாவும் ஆலைச் சங்கின் ஒலியோடு பிணைந்துவிட்டன.

1903 ஜூன் முதல் தேதி, மத்தியான உணவுக்குப்பின் தொழிலாளர்கள் ஆலைக்குத் திரும்பிய வேளையில், டொர்னாடோ எனப்படும் சுழற்காற்று கெயின்ஸ்வில் பஞ்சாலையின் மேல்மாடியைப் பெயர்த்தெறிந்தது. அங்கே மாண்டவர்கள் ஏறக்குறைய 50 பேர். அவர்களில் பலர், அக்கால வழக்கப்படி கூலிக்கு அனுப்பப்பட்ட சிறுவர் சிறுமியர். பக்கத்து நியூ ஹாலந்துக் குடியிருப்பிலும் தொழிலாளர் வீடுகள் பல தரைமட்டமாயின.

முப்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன. 1936 ஏப்ரல் 6, திங்கட்கிழமை. முதல் நாளிரவு மிஸிஸிப்பியிலுள்ள டூபெலோ நகரில் இருநூறு பேருக்கு மேல் பலிகொண்ட புயல் தொகுதியே கிழக்கு நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்ததெனினும், முன்னெச்சரிக்கை செய்யும் ஏற்பாடு எதுவும் இல்லாத காலமாதலால், வழக்கம்போல் கடைகள் திறந்தன, ஆலைகள் ஓடின. காலை எட்டரை மணிக்குச் சற்று முன்பாக, இரு சுழல்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஊரின் மேற்கே ஒன்றாய்க் கூடிக் கடைவீதியின் நடுவே புகுந்தன. சில நிமிஷங்களில் 203 உயிர்கள் போயின. சுமார் 1,600 பேர் காயமுற்றனர்.

இவற்றுள் மிகக் கொடியது கூப்பர் கால்சட்டை ஆலையில் நேர்ந்தது. தையல் வேலைக்கு வந்திருந்த இளம்பெண்கள் நிறைந்த அந்த மாடிக்கட்டடம் இடிந்து விழுந்து உடனே தீப்பற்றிக்கொள்ளவே, ஏறத்தாழ 70 பேர் அங்கேயே மடிந்தனர். அமெரிக்க வரலாற்றில் ஒரே கட்டடத்தில் சுழற்காற்றுக்கு இத்தனை பேர் பலியானது வேறெங்குமில்லை. ஆனால் அதே காலையில், நியூ ஹாலந்திலிருந்த பகோலெட் பஞ்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த 550 பேர், கட்டடத்தின் வடகிழக்குப் பகுதிக்கு ஒதுங்கி உயிர் தப்பினார்கள். 1903-ன் துயரத்தை மறவாத முதியவர்களின் எச்சரிக்கை அதற்குக் காரணமாயிருக்கலாம் என்று கருத இடமுண்டு. அன்று நியூ ஹாலந்தில் மகளைக் கண்ட தாயின் ஆனந்தமும், கடைவீதிச் சாம்பலில் தங்கையைத் தேடிய தமையனின் பரிதவிப்பும், ஒரே காற்றின் இருவேறு பலன்களாய் நின்றன.

மூன்றாம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தம் ரயிலை இங்கு நிறுத்தி ஜனங்களுக்கு ஆறுதல் கூறினார். புதிதாக எழுந்த நீதிமன்றத்தையும் நகர மன்றத்தையும் அர்ப்பணம் செய்ய 1938 மார்ச்சில் மீண்டும் வந்தார். அக்கட்டடங்களை அடுத்த சதுக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பஞ்சுக்குப் பின் ஊரைத் தூக்கி நிறுத்தியது கோழி. ஜெஸ்ஸி ஜூவல் என்ற தீவன வியாபாரி, பொருளாதார மந்த காலத்தில் கையில் காசில்லாத குடியானவர்களுக்குக் குஞ்சும் தீவனமும் கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழிகளைத் தாமே வாங்கிக்கொள்ளும் முறையை வகுத்தார். அதன் பயனாக ‘உலகின் கோழித் தலைநகர்’ என்று இந்நகரம் பெருமை பேசத் தொடங்கியது. பொரித்த கோழியைக் கையால்தான் உண்ணவேண்டும் என்று 1961-ல் விளையாட்டாகச் சட்டமே இயற்றினார்கள்! ஊரையொட்டிய லேனியர் ஏரியில் 1996 ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் நடந்தன.

இன்று கோழி ஆலைகளில் உழைப்போரில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள். பழைய குடியானவர்களின் இடத்தை அவர்கள் பெற்றதுபோலவே, அவர்களுடைய அபாயத்தையும் பெற்றிருக்கிறார்கள். 2021 ஜனவரியில் ஆலையொன்றில் திரவ நைட்ரஜன் கசிந்து ஆறு பேர் இறந்தனர். அந்நாளில் காற்று ஒரு பாவமும் செய்யவில்லை. வேலைக்குப் போனவர் மாலையில் வீடு திரும்புவதைத் தெய்வச் செயல் என்று சொல்லி நாம் அமைதி கொள்வதுண்டு. ஆயினும் கூப்பர் ஆலையையும் பகோலெட் ஆலையையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, கட்டடத்தின் உறுதியும், ஒதுங்கவேண்டிய இடத்தை முன்கூட்டி அறிந்திருப்பதும் அதில் எவ்வளவு பங்கு கொள்கின்றன என்பது விளங்கும். ஓர் ஊர் தன் தொழில்வளத்தைப் பற்றிப் பெருமை பேசுமுன், இவ்விரண்டுக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது.