தேயிலைச் செடியும் துளைப்பான் வண்டும்

தேயிலை மலையில் ஒரு வாது முறிந்தது என்றால் அதனை யாரும் பெரிய செய்தியாகக் கொள்வதில்லை. காற்றடித்தது என்பார்கள், கொழுந்து எடுப்பவர் நிரைக்குள் நுழைகையில் இடுப்புப் பட்டிருக்கும் என்பார்கள். ஆயினும் முறிந்த இடத்தைச் சற்று உற்று நோக்கினால் வேறொரு காரணம் புலப்படும். வாதின் உள்ளே மோதிரம் போலச் சுற்றிச் செல்லும் ஒரு சுரங்கம். அதன் சுவரில் கரிய கறை. பட்டையின் மேல், பென்சிலின் கரி நுழையுமளவு வட்டமான ஒரு துளை. துப்பாக்கிச் சன்னம் பாய்ந்தது போன்ற இத்துளையைக் கண்டே ஆங்கிலேயர் இதனைச் செய்யும் வண்டுக்குப் பெயர் வைத்தனர். நாம் துளைப்பான் வண்டு என்று சொல்லுவோம்.

நம் வகுப்பு மாணவன் ஒருவன் இத்தகைய வாதொன்றைப் பாடசாலைக்குக் கொண்டு வந்தான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவனுடைய உறவினர் இருக்கின்றனர். கத்தியால் பிளந்து பார்த்தபோது கறுத்த சிறு வண்டொன்று வெளியே வந்தது. நீளம் இரண்டு, இரண்டரை மில்லிமீற்றருக்கு மேலிராது. பின்னொரு நாள் அந்த மாணவனின் பெரியம்மாவைச் சந்திக்க நேர்ந்தது. கொழுந்து எடுத்தே முதுமையை எட்டிக்கொண்டிருப்பவர். "வாது கையோட வந்துருது மாஸ்டர். அது திரும்பத் தழைச்சு வாறதுக்குள்ள எத்தனை நாள் போயிருது! நெறை கொறைஞ்சா அரைப்பேருதான்" என்றார். அரைப்பேர் என்பதன் பொருளை மலைநாட்டு வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏனையோர் அறியச் சொல்லுகின்றோம்: குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவருக்கு அன்று அரைநாட் சம்பளமே எழுதப்படும். எள்ளளவேயான சிறு உயிர் ஒன்று ஒரு வீட்டின் அடுப்பு வரை வந்து விடுகிறது.

இவ்வண்டு மரத்தைத் தின்பதில்லை என்று கூறினால் வாசகர் வியக்கலாம். அது ஓர் உழவன். தாய் வண்டு தன் வாயருகேயுள்ள சிறு பைகளில் ஒருவகைப் பூஞ்சணத்தின் வித்துகளைச் சுமந்து வருகிறது. நம் பாடநூல்கள் பங்கசு என்று கூறுவது இவ்வினத்தையே. பென்சில் பருமனுள்ள வாதைத் தேர்ந்து குடைந்து, மரத்தூளை வெளியே தள்ளி, சுரங்கச் சுவரில் அப்பூஞ்சணத்தைப் பயிரிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழுக்கள் உண்பது அந்தப் பயிரைத்தான். 1947இல் காட், லூஸ் என்னும் இருவர் இலங்கைத் தேயிலையில் இப்பூஞ்சணத்தை ஆராய்ந்து அதற்கு விஞ்ஞானப் பெயரும் இட்டனர். ஆண் வண்டுகளின் நிலை சற்றுப் பரிதாபமானது. அவற்றால் பறக்க முடியாது. தொகையிலும் மிகச் சில. பிறந்த சுரங்கத்திலேயே உடன்பிறந்த பெண்களோடு கூடி அங்கேயே மடிகின்றன. பெண்கள் வாய்ப் பையை நிரப்பிக்கொண்டு புதிய வாதைத் தேடிப் பறந்து விடுகின்றன. மனிதன் ஏர் பிடித்துப் பத்தாயிரம் ஆண்டுகள் சென்றிருக்கலாம். வண்டுகளின் வேளாண்மை கோடிக்கணக்கான ஆண்டுப் பழமை உடையது.

இனி, இவ்வண்டு எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வந்த கேடு என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இங்கு வெளியிலிருந்து வந்தது செடிதான். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். அடுத்த ஆண்டே, 1868இல், இலங்கையிலிருந்து கிடைத்த இவ்வினக் கூட்டத்து வண்டொன்றை ஐக்கொஃப் என்னும் ஜெர்மானியர் விவரித்து எழுதினார். அப்போது இத்தீவில் தேயிலை சில ஏக்கர்களே. ஆகவே வண்டு நம் காட்டு மரங்களிலும் ஆமணக்கு முதலிய செடிகளிலும் ஏற்கெனவே குடியிருந்தது எனக் கொள்ளலாம். 1869இல் நம் ஊவாவின் மடுல்சீமையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, மலைகள் தேயிலைக்கு மாறின. ஒரே செடி, ஒரே உயரம், ஒரே பருமனான வாதுகள், மலை மலையாக! வண்டுக்கு இதைவிடப் பெரிய விருந்து ஏது? 1892இல் தேயிலையில் அதன் சேதம் கண்டறியப்பட்டது. செடியும் கடல் கடந்து வந்தது. அதைப் பறிக்க அழைத்து வரப்பட்ட நம் முன்னோரும் கடல் கடந்து வந்தனர். இங்கே எதிர்ப்பட்டவற்றைத் தாங்கிப் பிழைக்கும் வித்தையை இரு சாராரும் இங்கேயே கற்க வேண்டியதாயிற்று.

அந்த வித்தை என்ன? செடிக்கு ஓடக் காலில்லை, அடிக்கக் கையில்லை. புண்ணை ஆற்றுவதே அதன் போர். பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மாறிழையம் விரைந்து புதிய இழையத்தைப் பிறப்பிக்கிறது. வண்டுகள் நீங்கிய துளையின் வாய் மெல்ல மூடுகிறது. மேலே புது மரம் படிந்து வாது தடிக்கிறது. சுரங்கம் உள்ளேயே இருக்கும். ஆனால் வாது முறியாது. செடி வண்டைக் கொல்லவில்லை, அதனால் சாகாதிருக்கப் பழகிக்கொண்டது என்பதே சரி. விரைந்து ஆறும் இனங்களும் உண்டு, ஆறாமல் முறியும் இனங்களும் உண்டு. பட்டினி கிடக்கும் செடி எவ்வினமாயினும் புண்ணாற்ற வலுவற்றது.

இதே போரை இன்னும் கடுமையாக நடத்தும் ஒரு செடி மேல்நாட்டில் இருக்கிறது. விபர்னம் என்பது அதன் பெயர்; இவ்வினச் செடிகள் நம் உயர்மலைக் காடுகளிலும் உள்ளன. அதன் பகைவன் ஓர் இலை வண்டு. தாய் வண்டு சுள்ளியைக் கடித்துக் குழியாக்கி, எட்டளவான முட்டைகளை இட்டு, மென்ற மரத்தூளும் எச்சமும் கலந்து மூடி வைக்கிறது. ஐரோப்பாவில் வண்டோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய விபர்னம், குழியைச் சுற்றி இழையத்தை வளர்த்து முட்டைகளை நசுக்கி விடுகிறது. அல்லது வெளியே தள்ளி விடுகிறது. 1947இல் இவ்வண்டு கனடாவின் ஒன்றாரியோவில் முதன்முதலாகக் கண்டெடுக்கப்பட்டது. 1990களில் ஐக்கிய அமெரிக்காவிலும் பரவிவிட்டது. அங்குள்ள விபர்னங்களுக்கு இப்பகை புதிது. அவற்றின் புண் ஆறுகிறது, ஆனால் முட்டைகளை நசுக்குமளவு வேகமாக ஆறுவதில்லை. போதாதென்று, வண்டுகள் பல சேர்ந்து ஒரே சுள்ளியில் முட்டையிடுகின்றன. வலுவுள்ள செடியும் அந்த நெருக்கத்தில் தளர்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இலையிழந்த செடி பட்டுப் போகிறது.

நம் தோட்டங்களுக்குத் திரும்புவோம். 1950களில் துளைப்பானை ஒழிக்க டில்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. வண்டு குறைந்தது உண்மையே. ஆனால் தேயிலைக்கு வேறொரு பகையும் இருந்தது. இலைகளைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் புழு அது. அதை அடக்குவதற்கென்றே 1935, 36ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி தருவிக்கப்பட்டு, நன்றாகவே வேலை செய்து வந்தது. டில்ட்ரின் அக்குளவியைக் கொன்றது. இலைச்சுருட்டிப் புழு மீண்டும் மலைகளில் பெருகிற்று. வாதைக் காக்கப் போய் இலையை இழந்த கதை! செடியின் பக்கம் நின்ற ஒரே காவலாளியை நாமே சுட்டுவிட்டோம் என்றால் மிகையாகாது. டில்ட்ரின் இன்று உலக உடன்படிக்கையால் விலக்கப்பட்ட நஞ்சுகளுள் ஒன்று.

இத்துளைப்பான் கூட்டம் இப்போது ஆசியாவோடு நிற்கவில்லை. உருவில் ஒன்றுபோலத் தோன்றும் பல இனங்கள் இக்கூட்டத்தில் இருப்பதை அண்மைக்கால மரபணு ஆராய்ச்சி காட்டியுள்ளது. அவற்றுள் ஒன்று 2003இல் கலிபோர்னியாவிலும், 2017இல் தென்னாபிரிக்காவின் பூங்காவொன்றிலும், 2021இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலும் கண்டறியப்பட்டது. அங்கு நகரத்து நிழல் மரங்களையே வெட்டிச் சாய்க்க நேரிட்டது. இவ்வண்டை அறியாத மரங்களல்லவா?

தேயிலையிடம் வேறு படைக்கலமும் உண்டு. அதை நாள்தோறும் நாம் குடிக்கின்றோம். தேநீரின் உற்சாகத்துக்குக் காரணமான கஃபீன், பூச்சிகளுக்கு நஞ்சு என்பதை 1984இல் நதான்சன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி சோதித்துக் காட்டினார். எனினும் கஃபீன் இளங்கொழுந்தில் மிகுதி, மரத்தில் மிகக் குறைவு. துளைப்பானோ மரத்துக்குள் இருக்கிறது.

ஆதலால் இன்றைய மலைகளில் வேலை கவ்வாத்துக் கத்தியிடமும் உரத்திடமுமே விடப்பட்டிருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். இரண்டாம் ஆண்டளவில் புதுவாதுகள் பென்சில் பருமனை எட்டும்போது வண்டு மிகுதியாக வருகிறது. அந்த ஆண்டில் உரத்தைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்கும் தோட்டத்தில், மிச்சம் பிடித்த காசை முறிந்த வாதுகளாக எண்ணிக்கொள்ளலாம். எண்ணுபவர்கள் நிரையில் நிற்கும் பெண்கள்.