வீடும் விடுதலையும்

அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கை வரிசைப்படுத்தி, நான்காவதே நாட வேண்டியது என்று நமக்கு ஓதினர். வள்ளுவரோ முப்பாலோடு நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கெனத் தனிப்பால் வகுக்கவில்லை. மேலுலகத்து வீட்டைப் பற்றி அவரே கவலை கொள்ளாதபோது நமக்கேன் அந்தக் கவலை? நாம் பேசப்போவது மண்ணுலகத்து வீடு. நான்கு சுவரும் ஒரு கூரையும் கொண்ட வீடு. மாதம் பிறந்தால் வாடகை கேட்கும் வீடு!

ஓசூரில் அந்த வீட்டுக்குத்தான் எத்தனை கிராக்கி! 1971-இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் இந்த எல்லைப்புறத்தில் தொழிற்பேட்டை அமைத்தது. சரக்குந்து செய்யும் அசோக் லேலண்டு வந்தது. இருசக்கர வண்டி செய்யும் டி.வி.எஸ். வந்தது, கைக்கடிகாரம் செய்யும் டைட்டன் வந்தது, இன்று கைப்பேசி உறுப்புகள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பல்லாயிரம் பெண்கள் பணி செய்கின்றனர். 2019-இல் ஊர் மாநகராட்சி ஆயிற்று. எல்லையைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. அங்கே வேலை, இங்கே குடியிருப்பு என்று வாழ்வோரும் ஏராளம். ஆலை பெருகியது, ஆள் பெருகினர், அறைகள் மட்டும் சுருங்கின.

1967-இல் அண்ணாவின் ஆட்சி சட்ட ஏற்பு அளித்த சுயமரியாதைத் திருமண முறையில் கைகோத்த நாங்கள் இருவரும் குடியேறியதும் அத்தகைய ஓர் அடுக்குமாடி வீட்டில்தான். ஏறத்தாழ 400 சதுர அடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, 7 அடிக்கு 8 அடியில் ஒரு சமையலறை, குளியலறை. இத்தனை நெருக்கடியிலும் கூடத்தின் வடகிழக்கு மூலையில் 4 அடிக்கு 3 அடியில் ஓர் அறை, கதவும் மணியும் வைத்து! ஆண்டவன் குடியிருக்கவாம். குழந்தை படிக்க ஒரு மேசை போட இடமில்லாத வீட்டில், கடவுளுக்குத் தனியறை!

அந்த அறையில் பலகை அடித்து நூல்களை அடுக்கினோம்; எழுத ஒரு சிறு மேசை போட்டோம். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் பதறிப்போனார்.

“சார், அது ஈசானிய மூலை. அங்கே போய் இதையெல்லாம் அடுக்கலாமா?”

“அய்யா, புத்தகத்தில் சரசுவதி இருப்பதாகச் சொல்லி ஆண்டுக்கு ஒருநாள் பூசை போடுவது நீங்கள்தானே? நாங்கள் ஆண்டு முழுவதும் புத்தகத்தை வைத்திருக்கிறோம். உங்கள் கணக்குப்படியே பார்த்தாலும் குற்றமில்லையே!”

சிரித்துவிட்டார். நல்ல மனிதர். நம் நாட்டில் நல்ல மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. கேள்வி கேட்கும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம்.

கேட்டுப் பார்ப்போமே. எங்கள் மாடியில் படிக்கட்டின் இருபுறமும் இரண்டு வீடுகள். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி உருவம். எங்கள் சமையலறை தென்கிழக்கில், ‘அக்கினி மூலையில்’ இருக்கிறது. எதிர்வீட்டுச் சமையலறையோ தென்மேற்கில்! ஒரே கொத்தனார், ஒரே செங்கல், ஒரே வரைபடம். வாஸ்து மெய்யானால் ஒரு வீடு வாழ வேண்டும், எதிர்வீடு வீழ வேண்டும். இரண்டு வீட்டிலும் சோறு வேகிறது. இரண்டு வீட்டிலும் மாதக் கடைசியில் கை கடிக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழி பேசும் இவ்வூரில், மூன்று மொழியிலும் வாஸ்து சொல்ல ஆள் உண்டு. இந்த எளிய கணக்குக்கு விடை சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

பழைய வழக்கம் எல்லாமே பொய் என்று நாம் சொல்லவில்லை. விறகடுப்பு எரிந்த காலத்தில், தென்மேற்குக் காற்று புகையை வீட்டுக்குள் தள்ளாமல் வெளியே கொண்டுபோகத் தென்கிழக்கு உதவியது என்பார் உண்டு. அது காரணம், காரணத்தை ஏற்போம். ஆனால் விறகு போய் எரிவாயு வந்த பிறகும், காரணம் செத்துக் கட்டளை மட்டும் உயிரோடு உலவுகிறதே, அதைத்தான் மறுக்கிறோம்.

திசையைப் பார்க்கத்தான் வேண்டும். பஞ்சாங்கத்தில் அன்று, சன்னலில்! கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஊர் ஓசூர். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் குளிர்ந்து வரும். தென்மேற்கை அடைத்துவை என்கிறது வாஸ்து. அடைத்தால் ஆடிக் காற்று எப்படி நுழையும்? காற்று நுழைய ஒரு வழி போதாது, வெளியேறவும் ஒரு வழி வேண்டும். எதிரெதிரே இரண்டு திறப்பு இருந்தால்தான் அறையில் காற்று ஓடும். இதைத் தெரிந்துகொள்ள சோதிடம் வேண்டாம். ஓர் ஊதுவத்தியின் புகை போதும். ஊதுவத்திக்கும் ஒரு நல்ல பயன் கிடைத்ததென்று மகிழலாம்!

காற்றையும் வெளிச்சத்தையும் விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் யார் உழைக்கிறார்? யார் இளைப்பாறுகிறார்?

துணைவியார் ஆலையில் முறைப்பணி செய்பவர். இரவுப் பணி வாரத்தில் காலை ஏழு மணிக்குக் கம்பெனிப் பேருந்தில் வந்து இறங்குவார். உலகம் எழும் நேரத்தில் அவர் உறங்க வேண்டும். படுக்கையறையின் கிழக்குச் சன்னலோ சூரியனை நேரே முகத்தில் எறியும். கனத்த துணியில் இரட்டைத் திரை தைத்தோம். கதவுக்கு மேலுள்ள காற்றுப்போக்கியைத் திறந்தே வைத்தோம். அழைப்பு மணியைப் பகலில் நிறுத்தினோம். குக்கரின் விசில் ஆறரை மணிக்குள் அடங்கிவிட வேண்டும் என்று விதி செய்தோம். “பட்டப்பகலில் ஒரு பெண் தூங்குகிறாளே!” என்று மாடிப்படியில் பேச்சு. இரவெல்லாம் விழித்து உழைத்தவர் பகலில் உறங்குவது சோம்பலா? அது உழைப்பின் மறுபாதி அன்றோ!

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவுப் பணிக்கு அமர்த்தத் தடை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2000-இல் அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஆலைக் கதவு திறந்தது, நன்று. ஆனால் ஆலையிலிருந்து திரும்பியவளுக்கு அடுக்களையில் அடுத்த முறைப்பணி காத்திருக்கிறதே, அதை எந்த நீதிமன்றம் தடுக்கும்?

2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். ஈடுபட்ட பெண் செலவிட்டது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு வீட்டில் தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டும் தோழர்களும் இந்தக் கணக்குக்குள் அடக்கம்!

சிறிய சமையலறையை அறிவோடு அமைக்க முடியும் என்று காட்டிய பெண்மணி ஒருவர் உண்டு. வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரேத்தே ஷுட்டே-லிஹோட்ஸ்கி. 1926-இல், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, 1.9 மீட்டர் அகலமும் ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சமையலறையை வரைந்தார். ரயில் உணவுப்பெட்டியின் அடுக்களையைப் பார்த்தார். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்க நேரிடுகிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஆராய்ந்தார். வீண் நடையை வெட்டினார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. பின்னாளில் நாஜிகளை எதிர்த்து, 1941-இல் சிறை புகுந்த வீராங்கனை அவர். ஆயினும் அச்சமையலறையில் ஒரு குறை கண்டனர் பிற்காலத்தார்: அதில் ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்ய முடியும். அந்த ஒருவர் யார்? வேறு யார், பெண்தான்! வேலை குறைந்தது; வேலையாள் மாறவில்லை.

எங்கள் சமையலறையின் குறையும் அதுவே. 7 அடி அகலத்தில் ஒருபுறம் 2 அடிக் கல்மேடை. எதிர்ப்புறம் 2 அடி ஆழத்தில் மர அலமாரி. நடுவே எஞ்சியது 3 அடி. ஒருவர் குனிந்தால் மற்றவர் கடக்க முடியாது. “இடம் எங்கே இருக்கிறது, நீங்கள் வெளியே இருங்கள்” என்ற சொல் அன்பில் பிறந்ததன்று, அலமாரியில் பிறந்தது! வீட்டுக்காரரின் இசைவோடு அதை அகற்றினோம். சுவரில் 9 அங்குல அகலப் பலகைகள் அடித்தோம். இருவர் கைக்கும் எட்டும் உயரத்தில், டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டி. இப்போது நடைவழி நாலேகால் அடி. இருவர் நிற்கலாம்; ஒருவர் அரிய, ஒருவர் தாளிக்கலாம். கூடத்தில் மடக்கு மேசை ஒன்று: பகலில் காய் நறுக்க, இரவில் உண்ண, பிறகு சுவரோடு சாய. பருப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது எனச் சொல்லித் தப்ப இவ்வீட்டில் இனி எந்த ஆணாலும் முடியாது.

எட்டாம் வகுப்பில் பரப்பளவு கற்பித்தபோது, கட்டத் தாளில் ஒரு கட்டம் ஓர் அடி எனக் கொண்டு அவரவர் வீட்டை வரைந்துவரச் சொன்னோம். யார் எங்கே இருப்பார் என்றும் குறிக்கச் சொன்னோம். தந்தையின் நாற்காலி, அண்ணனின் கட்டில், பாட்டியின் திண்ணை எல்லாம் வரைந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், அம்மாவை எங்கே போடுவது? அம்மா எல்லா இடத்திலும் இருப்பாங்க. அம்மாவுக்குன்னு ஒரு இடம் இல்லையே.”

பரப்பளவுக் கணக்கில் அதற்கு விடை இல்லை. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்று பெரியார் கேட்ட கேள்வி, ஒரு சிறுமியின் கட்டத் தாளில் இன்னும் உயிரோடு நிற்கிறது.

தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒவ்வொரு வீடும் 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய் உதவி. குடிசைக்கு மாற்றாகக் கல்வீடு எழுவது பெரும்பணி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சமையலறை 5 சதுர மீட்டருக்கும் 1.8 மீட்டர் அகலத்துக்கும் குறையலாகாது என்கிறது. அளவைச் சட்டம் சொல்லும். அந்த அளவுக்குள் யார் நிற்பது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, தோழர்களே, வீடு கட்டினாலும் வாடகைக்குப் பிடித்தாலும், மனையடி நூலைத் தேடாதீர். ஒரு கட்டத் தாளை எடுங்கள். காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும்? களைத்து வந்தவர் எங்கே உறங்குவார்? அடுக்களையில் இருவர் நிற்க இடமுண்டா? நூலுக்கு ஒரு பலகை உண்டா? அம்மாவை எங்கே வரைவீர்? இவற்றுக்கு விடை கிடைத்தால் 400 சதுர அடியும் மாளிகை. கிடைக்காவிடில் மாளிகையும் சிறை. வீடு என்ற சொல்லுக்கு விடுதலை என்றும் பொருள் சொல்வர் தமிழ்ப் புலவர். அந்தப் பொருளை வானத்தில் தேட வேண்டாம். முதலில் சமையலறையில் உண்டாக்குவோம்!